ஆறு பேப்பர், மூன்று லேப்

2015 டிசம்பர் மழை என்றதும் பலருக்கும் அடையாறு நினைவுக்கு வரும், செம்பரம்பாக்கம் நினைவுக்கு வரும். எனக்கு எங்கள் நான்காவது செமஸ்டர் நினைவுக்கு வருகிறது. நான் படித்த கல்லூரி திருச்சிக்கு வெளியே, சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. எங்கள் ஹாஸ்டலுக்குள் ஒரு சொட்டு வெள்ளம் வரவில்லை. ஆனாலும் சென்னை மூழ்கியதில் அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிப்போயின. தள்ளிப்போன தாள்களை எழுதிவிட்டு ஊருக்குப் போய், அழுக்குத் துணியைத் துவைத்துக் காயவைப்பதற்குள் அடுத்த செமஸ்டர் தொடங்கிவிட்டது. நாட்கள் குறைந்திருந்தன. பாடம் குறையவில்லை.

அப்போது நடப்பில் இருந்தது 2013 பாடத்திட்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டின் இரண்டாம் பாதியில் ஆறு தியரி, மூன்று லேப். பிக்யூடி என்று நாங்கள் சொன்ன நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும், ஓஎஸ் என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ், அல்காரிதம், மைக்ரோபிராசசர், சாஃப்ட்வேர் இன்ஜினியரிங். ஓஎஸ்ஸுக்கும் நெட்வொர்க்ஸுக்கும் மைக்ரோபிராசசருக்கும் தனித்தனி லேப். இவை ஒவ்வொன்றும் ஒருவர் வாழ்நாள் முழுக்கப் படிக்கத் தகுந்தவை. ஒரே செமஸ்டரில் ஆறும் சேர்ந்து வந்தபோது அவற்றை யூனிட் ஒன்று, யூனிட் இரண்டு என்று எண்ணிக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது.

கம்ப்யூட்டர் படிக்கிற பெண் என்றால் எந்நேரமும் கணினித் திரை முன்னால் இருப்பாள் என்று எங்கள் ஊரில் நினைத்தார்கள். உண்மையில் அந்த செமஸ்டரில் என் கை அதிகம் பிடித்தது பேனாவை. லேபில் ஓடிய புரோகிராமை முதலில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு அதையே ரெக்கார்டில் எழுத வேண்டும். எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட். கோடு போட்ட பக்கத்தில் புரோகிராம், கோடில்லாத பக்கத்தில் அவுட்புட். கணினி ஒரு நொடியில் காட்டிய விடையைப் பென்சிலால் வரிவரியாகப் பார்த்து எழுதுவோம். ஃபோர்க் கட்டளையால் ஒரு புராசஸ் எப்படி இரண்டாகிறது என்பது புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ரெக்கார்டு முடிந்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். மைக்ரோபிராசசர் லேபில் 8086 கிட்டின் சிறிய கீபோர்டில் ஹெக்ஸ் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டுவோம். ஓர் எண் தவறினால் மொத்தமும் போகும். அது முடிந்து வந்தால் அதற்கும் ரெக்கார்டு.

ரெக்கார்டு எழுதிய இரவுகளை நினைக்கும்போது என் அறைத்தோழி நினைவுக்கு வருகிறாள். மணப்பாறைப் பக்கத்துப் பெண். நானும் அவளும் பிளஸ் டூ வரை தமிழ் வழி, அரசுப் பள்ளி. எங்கள் இருவர் வீட்டிலும் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நாங்கள்தான். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் சேர்ந்தோம். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி ஆளுக்கொன்று இருந்தது. வகுப்பில் ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் புரிந்துகொண்டு, அதை மறுபடி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அடுத்த வரி வருவதற்குள் இவ்வளவும் நடக்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் ஆங்கில வழியில் படித்து வந்தவளுக்கு ஒரு மணி நேரப் பாடம் எங்களுக்கு இரண்டு மணி நேரமாகும். கால அட்டவணையில் அந்தக் கூடுதல் மணி எங்கும் இல்லை. அதை நாங்கள் தூக்கத்திலிருந்துதான் எடுத்தோம்.

பத்து இரண்டு மார்க், ஐந்து பதினாறு மார்க். அன்றைய வினாத்தாளின் அமைப்பு அது. லைப்ரரியில் சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே எழுதிய ஓஎஸ் புத்தகம் இருந்தது. அட்டையில் டைனோசர் படம் போட்ட அந்தத் தடித்த புத்தகம் கைக்குக் கிடைப்பதும் அரிது, கிடைத்தால் படிக்க நேரமும் அரிது. ஆகவே லோக்கல் ஆத்தர் புத்தகம். அதுவும் முடியாதபோது கல்லூரிக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடையில் சீனியர் அக்காவின் நோட்ஸ். தேர்வுக்கு முந்தைய மாலையில் அந்தக் கடையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் எந்தத் தாள் என்று சொல்லிவிடலாம். பிக்யூடி என்றால் கூட்டம் சாலை வரை வரும்.

பிக்யூடி மேம் இளையவர். அவரும் தமிழ் வழியில் படித்து வந்தவர் என்று பின்னால் தெரிந்தது. ஒருநாள் மெஸ்ஸில் எங்களோடு தட்டு ஏந்தி நின்றுகொண்டிருந்தார். அன்று சப்பாத்தி. போடுகிறவர் ஒருவர்தான். வரிசை கை கழுவும் இடம் வரை நீண்டிருந்தது. "இதைத்தாம்மா காலையில போர்டுல எழுதினேன்" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் வழக்கமான கணக்கை விட்டுவிட்டு ஒரு கதை சொன்னார். டென்மார்க்கில் எர்லாங் என்று ஒரு கணித அறிஞர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் எத்தனை பேர் காத்திருக்க நேரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, 1909இல் முதல் கட்டுரையை வெளியிட்டார். நாங்கள் படிக்கிற பாடம் அங்கிருந்து பிறந்தது.

பிறகு போர்டில் ஒரு சிறிய கணக்கு எழுதினார். வேலை முன்னறிவிப்பில்லாமல் வந்து விழுகிறது, அதைச் செய்ய ஒரே ஆள். அந்த ஆளின் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால் சராசரியாக ஒரு வேலைதான் கையில் நிற்கும். நூற்றுக்கு 80 பங்கு நிரம்பினால் 4 வேலை. 90 பங்கு என்றால் 9. 99 பங்கு என்றால் 99. முழுதும் நிரம்பிவிட்டால் வரிசைக்கு முடிவே இல்லை. பாதியிலிருந்து 90க்குப் போகும்போது சுமை இரண்டு மடங்குகூட ஆகவில்லை, காத்திருப்பதோ ஒன்பது மடங்காகிறது. "கடைசி பத்து பங்குலதான் எல்லாமே உடையுது, பாத்துக்குங்க" என்றார். நான் அதைப் பதினாறு மார்க்குக்கான சூத்திரமாக எழுதிக்கொண்டேன். என் வாரமே நூற்றுக்கு நூறு நிரம்பிக் கிடந்தது என்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்க அந்த வாரத்தில் இடமில்லை.

அப்பாவுக்குத் தொட்டியத்தில் கொஞ்சம் வாழை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். அந்த மார்ச்சில் ஒரு ஞாயிறு, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அல்காரிதத்தில் ஒரு பக்கம், நடுவில் ஓஎஸ் ரெக்கார்டு, மறுநாள் நெட்வொர்க்ஸ் இன்டர்னல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லா மடையையும் ஒண்ணாத் திறந்துவிட்டா எந்த வாழைக்குத்தாம்மா தண்ணி எட்டும்? ஒண்ணு நனைஞ்சதும் அடுத்ததைத் திற" என்றார். அவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். நான் அன்று மாலை ஓஎஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தது அதே விஷயத்தைத்தான்.

அந்தப் பாடத்தின் பெயர் திராஷிங். ஒரு கணினியில் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிப் புரோகிராம்களை ஓடவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் போதுமான இடம் கிடைக்காது. ஒன்றின் பக்கங்களை வெளியே தள்ளி இன்னொன்றின் பக்கங்களை உள்ளே எடுக்கும். அது ஓடத் தொடங்குவதற்குள் தள்ளியது மறுபடி தேவைப்படும். கடைசியில் கணினி பக்கங்களை மாற்றி மாற்றி எடுத்து வைப்பதிலேயே முழு நேரத்தையும் செலவிடும். வட்டு ஓயாமல் சுற்றும், உருப்படியான வேலை எதுவும் நடக்காது. பீட்டர் டென்னிங் 1968இல் இதன் காரணத்தை விளக்கினார். இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. பழைய சிஸ்டம்கள் சிபியூ சும்மா இருப்பதைப் பார்த்து, வேலை போதவில்லை என்று எண்ணி இன்னொரு புரோகிராமை உள்ளே விடும். நிலைமை இன்னும் மோசமாகும்.

இதை எழுதும்போது அந்த மார்ச் மாதம் முழுதாகக் கண்முன் வருகிறது. இரண்டாவது இன்டர்னல், மூன்று ரெக்கார்டு, இரண்டு அசைன்மென்ட், இவற்றோடு டிபார்ட்மென்ட் சிம்போசியம் வேலை. நெட்வொர்க்ஸ் நோட்டைத் திறந்து கால் மணி நேரத்தில் எங்கே விட்டோம் என்று கண்டுபிடிப்பேன். அதற்குள் யாராவது வந்து மைக்ரோபிராசசர் அசைன்மென்ட் நாளைக்கு என்பார்கள். அதை எடுப்பேன். விளக்கு எரியும், பக்கம் புரளும், எதுவும் தலையில் நிற்காது. மதிப்பெண் குறைந்த எங்கள் கூட்டத்துக்குக் கல்லூரி கண்ட மருந்து மாலை ஸ்பெஷல் கிளாஸ். ஏற்கெனவே நிரம்பிய வாரத்துக்குள் இன்னும் ஒரு வேலை. டென்னிங் எச்சரித்தது இதைத்தான். அந்த ஸ்பெஷல் கிளாஸிலேயே எங்களுக்குத் திராஷிங் நடத்தினார்கள்.

அப்போது கவனித்திருந்தால் நெட்வொர்க்ஸ் தாளும் இதையே சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும். 1986 அக்டோபரில் இன்டர்நெட் முதன்முறையாக நெரிசலில் திணறி விழுந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் 400 கெஜம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32 ஆயிரம் பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு இறங்கியது. அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று ஒவ்வொரு கணினியும் மறுபடி மறுபடி அனுப்ப, மறுபடி அனுப்பியதே பாதையை அடைத்தது. வேன் ஜேக்கப்சன் 1988இல் இதற்கு வழி சொன்னார். நெரிசல் தெரிந்தால் அனுப்புகிறவர் நிதானிக்க வேண்டும். சிறிய அளவில் தொடங்கி, பாதை தாங்குகிற அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும். இன்று நம் கைபேசியில் வீடியோ ஓடுவதற்கு அடியில் இருப்பது அந்த நிதானம்.

பிக்யூடி, ஓஎஸ், நெட்வொர்க்ஸ் என்று ஒரே செமஸ்டரின் மூன்று தாள்கள் மூன்று வெவ்வேறு கணக்கில் ஒரே உண்மையைச் சொல்லின. எந்த அமைப்பையும் விளிம்பு வரை நிரப்பினால் அது மெதுவாகாது, உடையும். வேகமாக ஓடச் சொல்வதால் அது சரியாகாது, உள்ளே விடுவதைக் குறைத்தால்தான் சரியாகும். மூன்று தாள்களையும் மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே நடத்தினார்கள். நாங்கள் தனித்தனியே மனப்பாடம் செய்தோம். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிற அந்தக் கணம்தான் படிப்பு. அந்தக் கணத்துக்கு வெறுமையாக ஒரு மாலை வேண்டும். எங்களுக்கு மாலையே இல்லை.

அறைத்தோழி ஒரு வழி கண்டாள். அப்பா சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன். ஒரு சார்ட் பேப்பரை வாங்கி வந்து, மே வரைக்குமான எல்லாத் தேதிகளையும் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சிம்போசியம் வேலையிலிருந்து இருவரும் விலகினோம். ஒரு நேரத்தில் ஒரு ரெக்கார்டு என்று முடிவு செய்தோம். அது முழுதாக முடியாமல் அடுத்தது திறப்பதில்லை. மற்றதற்குத் திட்டு விழும்போது விழட்டும் என்று விட்டோம். விழுந்தது. ஆனால் ரெக்கார்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன.

இன்னொரு பழக்கம் மைக்ரோபிராசசரிலிருந்து வந்தது. இன்டரப்ட் வந்தால் 8086 உடனே ஓடிவிடுவதில்லை. கையிலிருந்த கட்டளையை முடிக்கும். தான் எங்கே நிற்கிறோம் என்பதை ஸ்டாக்கில் பத்திரமாக எழுதி வைக்கும். பிறகுதான் கூப்பிட்ட வேலைக்குப் போகும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாங்களும் நோட்டை மூடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்தோம்: எந்தக் கணக்கு, எந்த வரி, அடுத்து என்ன. மறுபடி திறக்கும்போது தேடிக்கொண்டிருந்த கால் மணி நேரம் மிச்சமானது. எனக்கு இன்றுவரை அந்தச் சீட்டுப் பழக்கம் உண்டு.

பயந்து தள்ளிப்போட்ட பாடங்களுக்கும் ஓஎஸ்தான் வழி சொன்னது. முன்னுரிமை குறைந்த புராசஸ் ஒன்று, மேலே மேலே வேறு வேலைகள் வந்துகொண்டே இருப்பதால் ஒருபோதும் ஓடாமல் பட்டினி கிடக்கலாம். எம்ஐடியில் இருந்த ஐபிஎம் 7094 கணினியை 1973இல் நிறுத்தியபோது, 1967இல் கொடுத்த ஒரு வேலை இன்னும் ஓடாமல் உள்ளே கிடந்தது என்று ஒரு செவிவழிக் கதையை டைனோசர் புத்தகம் குறிப்பிடும். காத்திருக்கக் காத்திருக்க ஒரு வேலையின் முன்னுரிமையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் அதற்குத் தீர்வு. எனக்கு டைனமிக் புரோகிராமிங் அப்படிக் கிடந்தது. இனி எது அதிக நாள் கிடக்கிறதோ அதற்குத்தான் விடியற்காலையின் முதல் மணி என்று வைத்துக்கொண்டோம். ஹாஸ்டல் மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒருத்தி நடத்த ஒருத்தி கேட்க, தமிழில் பேசிப் பேசி அதைப் புரிந்துகொண்டோம். ஆங்கிலத்தில் எழுதுவது அதற்கப்புறம் கஷ்டமாக இல்லை.

அல்காரிதம் என்றதும் டைக்ஸ்ட்ரா நினைவுக்கு வருகிறார். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் அவரது முறையை நெட்வொர்க்ஸிலும் படித்தோம், அல்காரிதத்திலும் படித்தோம். இரண்டிலும் பதினாறு மார்க். அவர் அதைக் கண்டுபிடித்த விதத்தைப் பல ஆண்டுகள் கழித்து, அவருடைய பேட்டி ஒன்றில் படித்தேன். 1956இல் ஆம்ஸ்டர்டாமில், தான் மணக்கவிருந்த பெண்ணோடு கடைகளுக்குப் போய்வந்து களைத்து, ஒரு காபிக் கடையின் வெளியே உட்கார்ந்திருந்தார். கையில் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. 20 நிமிடத்தில் மனதுக்குள்ளேயே அது உருவானது. உலகத்தின் வரைபடங்களும் வலைப்பின்னல்களும் இன்று நம்பியிருக்கிற ஒரு முறை, காபி குடித்துக்கொண்டு சும்மா இருந்த 20 நிமிடத்தில் பிறந்திருக்கிறது. அதை நாங்கள் இரவு ஒரு மணிக்கு, கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நெட்டுருப் போட்டோம்.

அந்த செமஸ்டரில் எல்லாத் தாளும் தேறினோம். எங்கள் வகுப்பில் பிக்யூடி பலருக்கு அரியர் ஆனது. அவர்களில் சிலர் எங்களைவிடக் கூர்மையானவர்கள். நெட்வொர்க்ஸ் லேபில் சாக்கெட் புரோகிராமை யாரிடமும் கேட்காமல் எழுதி ஓடவிட்ட ஒரு பையன் பிக்யூடியில் போனான். அந்த ஓர் அரியர் அடுத்த செமஸ்டரின் தாள்களோடு சேர்ந்துகொண்டது. நிரம்பிய வரிசையின் பின்னால் இன்னும் ஓர் ஆள். அதன் பிறகு அவன் எதிலும் மீளவில்லை. கணக்குத் தெரியாதவன் என்று அவனைப் பற்றிச் சொன்னார்கள். அவனுக்கு இல்லாமல் போனது நேரம்தான்.

இப்போது சிறுசேரியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குழுவில் எந்த சர்வரையும் முழுக் கொள்ளளவில் ஓடவிடுவதில்லை. பயன்பாடு ஓர் அளவைத் தாண்டினாலே எச்சரிக்கை ஒலிக்கும், கூடுதல் சர்வர் சேர்ப்போம். அந்தக் காலி இடத்தை யாரும் வீண் என்று சொல்வதில்லை. எதிர்பாராத நெரிசலைத் தாங்குவது அந்தக் காலி இடம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இயந்திரத்துக்குக் கொடுக்கிற இந்த இடைவெளியைப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை.

என் சித்தி மகள் இப்போது அதே படிப்பு, அதே நான்காவது செமஸ்டர். பாடத்திட்டம் மாறிவிட்டது. ரெக்கார்டு மாறவில்லை. "தூங்கவே முடியலக்கா" என்கிறாள். உன் கையில் இப்போது எத்தனை வேலை திறந்து கிடக்கிறது என்றுதான் அவளிடம் முதலில் கேட்டேன். பட்டியல் போட்டு அனுப்பினாள். பாதியை மூடச் சொன்னேன். வாரத்தில் ஒரு மாலையை எதுவும் எழுதாமல் காலியாக வைக்கச் சொன்னேன். ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும், ஒரு தேதி மாறினாலும், அந்த வாரத்தைக் காப்பாற்றப்போவது அந்த மாலைதான். ஒன்றும் நேராவிட்டால் அன்று அவள் யோசிக்கலாம்.

மாணவர்களால் இவ்வளவுதான் செய்துகொள்ள முடியும். மீதி ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. செமஸ்டர் தொடங்கும் முன் ஆறு பாடத்து ஆசிரியர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து இன்டர்னல், அசைன்மென்ட், ரெக்கார்டு தேதிகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே வாரத்தில் குவிந்திருப்பவை உங்கள் கண்ணுக்கே தெரியும். லேபில் ஓடிய புரோகிராமை அச்செடுத்து ஒட்ட அனுமதியுங்கள், கையெழுத்துக்குப் பதிலாக இரண்டு கேள்வி கேளுங்கள். பின்தங்கிய பிள்ளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதற்கு முன் அவளிடமிருந்து எதைக் குறைக்கலாம் என்று யோசியுங்கள். தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு என்பதை நீங்களே மூன்று தாள்களில் பாடமாக நடத்துகிறீர்கள். கால அட்டவணை போடும்போதும் அதை மதியுங்கள்.